பொந்து விழுந்த மரமும் அப்பா எழுதின மனுவும்

எங்க ஊர் பஸ் ஸ்டாப்ல ஒரு புளியமரம் இருக்கு. கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்துல இருக்கிற சின்ன ஊர். அந்த மரத்தை வெட்டணும்னு ஊர் சார்பா ஒரு மனு போயிருக்கு. மனுவை எழுதினவர் எங்க அப்பா. வெட்ட வேண்டாம்னு இந்தக் கட்டுரையை எழுதுறது நான். லீவுக்குப் போனா வீட்ல சாப்பாடு எப்படிக் கிடைக்கும்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

அப்பா பக்கத்து நியாயத்தை முதல்ல சொல்லிடறேன். போன ஐப்பசி மழையில, ராத்திரி நேரம், ஒரு பெரிய கொப்பு முறிஞ்சு டீக்கடை மேல விழுந்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை தூள் தூள். காலையில எட்டு மணிக்கு விழுந்திருந்தா ஸ்கூல் பசங்க பத்துப் பேராவது கீழே நின்னிருப்பாங்க. போதாக்குறைக்கு அடிமரத்துல ஆள் உள்ள போய் நிக்கிற அளவுக்குப் பொந்து. "உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தோலுதான் நிக்குது. இன்னொரு மழைக்குத் தாங்காது"ன்னு அப்பா சொன்னப்போ என்கிட்ட பதில் இல்லை. மரத்தைக் காப்போம்னு ஸ்டேட்டஸ் வைக்கிறது ஈஸி. அந்த ஸ்டேட்டஸ் வைக்கிற யாரும் அந்த மரத்தடியில பஸ்ஸுக்கு நிக்கிறது இல்லை, நான் உட்பட.

ஆனா அப்பா சொன்னதுல ரெண்டு விஷயம் கலந்திருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கொப்பு முறிஞ்சது ஒரு பிரச்சினை. பொந்து இருக்கிறது வேற ஒரு விஷயம். ஒண்ணைக் காரணம் காட்டி இன்னொண்ணுக்குத் தண்டனை கொடுக்கிறோம்.

கொப்பு ஏன் முறிஞ்சுதுன்னு எனக்குச் சொன்னது கூகுள் இல்லை, எங்க ஆயா. இந்த மரத்துக்கு முன்னாடி தலையே கிடையாதாம். ஆயா கல்யாணம் ஆகி வந்தப்பவே, ரெண்டு ஆள் உயரத்துல மொட்டையா நின்னு, அங்கிருந்து கிளை வெடிச்சிருந்துச்சாம். மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா கொப்பு கழிப்பாங்க. கட்டை அடுப்புக்கு, தழை ஆட்டுக்கு. ஒரே தடவையில மொத்தத்தையும் கழிக்க மாட்டாங்க. இந்தப் பக்கம் கழிச்சா அந்தப் பக்கத்தை அடுத்த தடவைக்கு விட்டுடுவாங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வெட்டினதால அந்த இடமெல்லாம் மூடின கை மாதிரி உருண்டு திரண்டு இருக்கு. ஆயா அதை "முட்டி"ன்னு சொல்லுது.

2006 தேர்தலுக்கு அப்புறம் இலவச கேஸ் அடுப்பு வந்துச்சு. ஆயாவோட கண் எரிச்சல் போச்சு. நல்ல விஷயம், அதுல ரெண்டாவது கருத்தே இல்லை. ஆனா அதோட கொப்பு கழிக்கிறதும் நின்னு போச்சு. மணிக்கட்டு தடிமன் வந்ததும் வெட்டப்பட வேண்டிய கிளையெல்லாம் இருபது வருஷமா வளர்ந்து தொடை தடிமனுக்கு மேல போயிடுச்சு. எல்லாமே அந்தப் பழைய முட்டி மேல, சரியான பிடிமானம் இல்லாம உக்காந்திருக்கு. எந்த வீட்டுக்கும் பயன்படாத எடை. மழையில நனைஞ்சா இன்னும் கூடும். முறியாம என்ன பண்ணும்?

இதே கதை லண்டன் பக்கத்துல எப்பிங் காட்டுல நடந்திருக்கு. அங்கேயும் சுத்து ஊர்க்காரங்களுக்கு விறகுக்குக் கொப்பு வெட்டுற உரிமை இருந்துச்சு. 1878ல வந்த சட்டம் காட்டைக் காப்பாத்துச்சு, கூடவே கொப்பு வெட்டுற உரிமைக்கும் முற்றுப்புள்ளி வெச்சிடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல வெட்டுப்படாத மொட்டை மரங்கள் தலை கனத்துப் போய், பிளந்து விழ ஆரம்பிச்சுது. பர்ன்ஹாம் பீச்சஸ்னு இன்னொரு காட்டுல, சரி பழையபடி வெட்டிடலாம்னு தலையை ஒரேயடியா எடுத்தப்போ நிறைய கிழட்டு மரங்கள் செத்தே போச்சு. இப்போ பல வருஷமாப் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடையைக் குறைக்கிறாங்க. அதாவது எங்க ஆயா காலத்து ஆளுங்க பண்ணினது மாதிரி.

இப்போ பொந்துக்கு வர்றேன். பத்தாவதுல தமிழ் எனக்கு மார்க் வாங்குற சப்ஜெக்ட் மட்டும்தான். அதுலயும் தொல்காப்பியத்துல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கு: வெளியே வைரம் பாய்ஞ்சது புல், உள்ளே வைரம் பாய்ஞ்சது மரம். தென்னையும் பனையும் புல், புளியும் வேம்பும் மரம். அப்போ உள்ளே இருக்கிற வைரம் போயிட்டா மரமே போச்சுன்னுதானே தோணும்? இல்லை. வைரம்ங்கிறது ஏற்கெனவே செத்த பகுதி. அது தூண் மாதிரி தாங்குது, அவ்வளவுதான். உயிரும் தண்ணி ஓட்டமும் பட்டைக்கு அடுத்து இருக்கிற வெளி அடுக்குலதான். நடுவுல ஒண்ணுமே இல்லாம மரம் வருஷா வருஷம் துளிர்க்கிறது அதனாலதான்.

அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால நெடுக்கா அறுத்து உள்ளே பார்த்தவர். 1977ல அவர் எழுதினதோட சாரம் இது: மரத்துக்குக் காயம் ஆறாது. நம்ம தோல் மாதிரி அழுகின செல்லை மாத்திப் புதுசு வைக்க அதுக்குத் தெரியாது. அதுக்குப் பதிலா சுவர் கட்டும். வெட்டுக்காயம் வழியா பூஞ்சை நுழைஞ்சா மேலேயும் கீழேயும் குழாய்களை அடைக்கும், உள் பக்கமும் பக்கவாட்டுலயும் தடுப்பு போடும். இதெல்லாம் கொஞ்சம் பலவீனமான சுவர்கள். கடைசிச் சுவர்தான் கெட்டி. காயம் பட்டதுக்கு அப்புறம் வளர்ற புதுக் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவுல அதை எழுப்பும். உள்ளே இருக்கிறதைப் பூஞ்சைக்கு விட்டுக்கொடுத்துட்டு, வெளியே புதுசா வளர்ந்துக்கிட்டே போகும். பொந்துங்கிறது பல நேரம் மரம் தோத்த இடம் இல்லை, கோடு கிழிச்சு நிறுத்தின இடம்.

சின்னக் கிளையை வெட்டினா காயம் சின்னது, அதுல வைரம் இருக்காது, சீக்கிரம் மூடிக்கும். தொடை தடிமன் கிளையை அடியோட வெட்டினா நேரா வைரத்துக்கே வாசல் திறந்த மாதிரி. அதுல தார் பூசினாலும் பூஞ்சை நிக்காதுன்னு ஷைகோ காட்டிட்டார். பொந்துக்குள்ள சிமெண்ட் அடைக்கிறது இன்னும் மோசம். மரம் காத்துல ஆடும், சிமெண்ட் ஆடாது. நடுவுல ஈரம் தங்கும்.

பூஞ்சையிலயும் ரெண்டு வகை இருக்கு. கட்டையில செல்லுலோஸ் கம்பி மாதிரி, லிக்னின் கான்கிரீட் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பழுப்பு அழுகல் கம்பியைத் தின்னும். மிச்சம் இருக்கிறது பிஸ்கட் மாதிரி, முன்னறிவிப்பு இல்லாம மடார்னு உடையும். வெள்ளை அழுகல் லிக்னினைத் தின்னும். கட்டை வெளுத்து, நார் நாராப் போகும். தென்னைக்கு வர்ற தஞ்சாவூர் வாடல் நோய் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்குக் காரணமான கானோடெர்மா வெள்ளை அழுகல் வகைதான். புளியமரத்துலயும் வரும். அடிமரத்துல, மண்ணை ஒட்டி அலமாரித் தட்டு மாதிரி கெட்டியான காளான் நீட்டிக்கிட்டு இருந்தா அதுதான் உண்மையில பயப்பட வேண்டியது, ஏன்னா வேர் போயிருக்கலாம். பொந்தைப் பார்த்து அலறுற நாம இந்தத் தட்டைப் பார்த்தா கவனிக்கவே மாட்டோம்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு மிச்சம் ஈஸி. செகண்ட் இயர்ல படிச்ச ஹாலோ ஷாஃப்ட் கணக்குதான். உள் ஆரம் வெளி ஆரத்துல 0.7 பங்குன்னா, 0.7இன் நாலாவது அடுக்கு 0.24. அதாவது பாதிக் கட்டை காணாமப் போயும் வளைவைத் தாங்குற சக்தியில கால்வாசிதான் போயிருக்கு. ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவேல கிளாஸ் மாத்தெக்னு ஒருத்தர், நின்ன மரங்களையும் முறிஞ்ச மரங்களையும் அளந்து பார்த்து, சுவர் தடிமன் ஆரத்துல 0.3க்குக் கீழே போனா கவனமா இருங்கன்னு சொன்னார். அதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது, வாதங்கள் இருக்கு. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தா குழாய்க் கணக்கே முழுசாப் பொருந்தாது. ஆனா "வெறும் தோலு"ங்கிற கணக்கை விட இது மேல். (இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக் கேட்டேன். டைட்டில்ல ஏஐ இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. அதை விடுங்க.)

பொங்கல் லீவுல கள்ளக்குறிச்சியில எனக்குத் தெரிஞ்ச ஒரு மரச்சிற்பியைக் கூட்டிட்டுப் போனேன். நம்ம மாவட்டத்து மரச்சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சுது. போஸ்டர் அடிச்சுக் கொண்டாடினோம், ஆனா அவங்களுக்கு என்ன தெரியும்னு நாம கேட்டதே இல்லை. அவர் கொட்டாப்புளியால மரத்தைச் சுத்தித் தட்டிக்கிட்டே வந்தார். சத்தம் மாறுற இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டார். வெளிநாட்டுல மர ஆய்வாளர்கள் முதல்ல செய்றதும் இதேதான், சுத்தியலால தட்டிக் கேக்கிறது. ஒலி அலையால உள்ளே படம் எடுக்கிற கருவியெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அளவு சொல்றேன். சுற்றளவு 4.4 மீட்டர், ஆரம் 70 செ.மீ. சுவர் பெரும்பாலான இடத்துல 25 செ.மீ. இருக்கு, அது 0.36. ரோட்டுப் பக்கம் மட்டும் 15, அது 0.21. அடியில காளான் தட்டு இல்லை. முறிஞ்ச கொப்போட அடிக்கட்டையில மட்டும் வெள்ளை அழுகல் நார் நாராத் தெரியுது. மரம் ரொம்ப நல்லா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ரோட்டுப் பக்கச் சுவர் எனக்கே பயமா இருக்கு. ஆனா தலைக்கனத்தை ரெண்டு மூணு தடவையாக் குறைச்சா, காத்து தள்ளுற விசையும் குறையும், அந்த விசைக்கும் அடிமரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரமும் குறையும். ரெண்டையும் பெருக்கினாத்தானே மொமெண்ட்? சுவர் மெலிசுன்னா சுமையைக் குறைங்க. ஒரு பாலத்துக்கு இதைத்தானே முதல்ல செய்வோம். தூண்ல விரிசல்னு கேட்டதும் யாரும் டைனமைட் வைக்கிறதில்லை.

ஹவுரா தாவரவியல் தோட்டத்து ஆலமரம் 1864லயும் 1867லயும் புயல்ல அடிபட்டு, பூஞ்சை பிடிச்சு, 1925ல அதோட நடு மரத்தையே எடுத்துட்டாங்க. விழுதுகள் மேல இன்னைக்கும் நிக்குது. நம்ம புளிக்கு விழுது கிடையாது. அதுக்கு இருக்கிறது அந்த 25 செ.மீ. சுவர்தான். அந்தப் பொந்துல ஒரு ஜோடி ஆந்தையும், மேல ஒரு ஓட்டையில கிளியும் இருக்கு. புதுசா நட்ட செடி இதுக்கெல்லாம் எத்தனை வருஷம் கழிச்சு இடம் கொடுக்கும்னு யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவோட அனுமதி வேணும். அதனால இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. என் அளவுகள், சாக்பீஸ் கோட்டோட போட்டோ எல்லாத்தையும் சேர்த்து இன்னொரு மனு எழுதியிருக்கேன். வெட்ட வேண்டாம்னு மட்டும் அதுல எழுதலை. மழைக்கு முன்னாடி ரோட்டுப் பக்கக் கொப்புகளைக் கழிங்க, மிச்சத்தை ரெண்டு வருஷம் விட்டுக் கழிங்க, பஸ் நிக்கிற இடத்தை முப்பதடி தள்ளிப் போடுங்க, அடியில சிமெண்ட் தளம் போடாதீங்கன்னு எழுதியிருக்கேன்.

அப்பா அதைக் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சார். எழுத்துப் பிழை ஏழு கண்டுபிடிச்சார். அப்புறம் கேட்டார்: "சரி, இந்த வருஷம் கழிச்சுடலாம். நாலு வருஷம் கழிச்சு யாரு கழிப்பா? நீ அப்போ எங்க இருப்ப?"

ஜூலையில ஓசூர்ல ஜாயின் பண்ணணும். ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லலை.