நிதானம் வேறு, தாமதம் வேறு

உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்றோர் ஊரைக் கற்பனை செய்து, அதன் ஊராட்சி அலுவலகத்தில் வேண்டாவெறுப்பாக வேலைக்குச் சேரும் பட்டதாரி இளைஞன் ஒருவனின் கதையைச் சொல்லிவருகிறது 'பஞ்சாயத்' என்னும் இந்தி இணையத் தொடர். அதன் நான்காவது சீசன் 2025 ஜூன் 24 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. முதலில் ஜூலை 2 என்றுதான் அறிவித்திருந்தார்கள். கதையில் வரும் தேர்தலுக்கு ரசிகர்களையும் இணையத்தில் வாக்களிக்கச் செய்த விளம்பர உத்தி ஒன்றையடுத்து, எட்டு நாள்கள் முன்னதாகவே வெளியிட்டுவிட்டார்கள். அத்தனை ஆவலோடு வரவேற்கப்பட்ட சீசனைப் பற்றி அடுத்த இரண்டொரு நாள்களிலேயே பரவலாக எழுந்த புகார், "ஒன்றுமே நடக்கவில்லை" என்பது. அதனுடன் சேர்ந்தே ஒலித்த இன்னொரு புகார், "அரசியல் அதிகமாகிவிட்டது" என்பது. தொடர் எப்போதும் மெதுவாகத்தானே நகர்ந்தது, இப்போது மட்டும் என்ன குறை என்று கேட்டு வாதாடியவர்களும் இருந்தார்கள். இந்தச் சச்சரவு ஓய்வதற்குள்ளாகவே, 2026இல் ஐந்தாவது சீசன் வரும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

இவ்விரு புகார்களில் முதலாவது பெரும்பாலும் நியாயமானது, இரண்டாவது நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால் பேசியவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொண்டார்கள்.

முதல் சீசன் 2020 ஏப்ரல் 3 அன்று வெளியானது. நாடு தழுவிய ஊரடங்கின் பத்தாவது நாள் அது. அதில் மட்டும் என்ன பெரிதாக நடந்துவிட்டது? அலுவலகப் பூட்டின் சாவி தொலைகிறது. சக்கரம் வைத்த புதிய நாற்காலி ஒன்று ஊரில் மனத்தாங்கலை உண்டாக்குகிறது. கணினித் திரை களவுபோகிறது. ஊருக்கு வெளியே உள்ள மரத்தில் பேய் இருப்பதாக ஊரே நம்புகிறது. மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில் வந்து சேர்ந்த அபிஷேக் திரிபாதி, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுப் புத்தகங்களோடு, எப்போது இந்த ஊரைவிட்டுப் போவோம் என்று இரவுகளைக் கழிக்கிறான். கொலை இல்லை, துரத்தல் இல்லை. எட்டுப் பகுதிகளும் முடிகையில் அவன் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் நிற்கிறான், அவ்வளவுதான். அன்று யாரும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. இதே தொடருக்குத்தான் 2023 நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில், முதன்முறையாக வழங்கப்பட்ட சிறந்த இணையத் தொடர் விருது கிடைத்தது.

அப்படியானால் ரசிகர்கள் மாறிவிட்டார்களா? பொறுமை இழந்துவிட்டார்களா? இளைய தலைமுறையின் கவனச் சிதறலைக் குறைகூறும் வழக்கமான தீர்ப்பை இங்கும் எழுதிவிடலாம். ஆனால் அது சரியாகாது என்று நினைக்கிறேன்.

முதல் சீசனில் ஒவ்வொரு பகுதியும் ஒரு சிறு கணக்கை எடுத்து, அரை மணி நேரத்தில் அதைத் தீர்த்து, நம்மை அனுப்பிவைத்தது. நாற்காலிச் சண்டை அன்றே முடிந்தது. பேயின் கதையும் அன்றே வெளுத்தது. கதை மெதுவாக நடந்தது, ஆனால் நம்மிடம் பாக்கி வைக்கவில்லை. பின்வந்த சீசன்களின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டாவது சீசனின் இறுதியில், துணைத் தலைவர் பிரஹலாதின் ஒரே மகன் எல்லையில் வீரமரணம் அடைகிறான். மூன்றாவதன் இறுதியில் தலைவர் மீது துப்பாக்கிக் குண்டு பாய்கிறது. சுட்டவன் யார் என்ற கேள்வி அடுத்த சீசனின் மீது கவிந்து நிற்கிறது. நான்காவதன் இறுதியில் தேர்தல் தோல்வி. காதலும் அபிஷேக்கின் எதிர்காலமும் பாதி வழியில். இப்போது கதை நிதானமாக நடப்பதில்லை, நிறுத்திவைக்கப்படுகிறது. நிதானம் என்பது ஒரு காட்சிக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுப்பது. தாமதம் என்பது கொடுக்க வேண்டியதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பார்ப்பவரின் மனம் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறது.

இந்த மாற்றத்துக்குக் கதாசிரியர் சந்தன் குமாரின் பேனாவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. சந்தா முறையின் பொருளாதாரம் அப்படிப்பட்டது. திரையரங்குக்காரருக்குப் படம் முடிந்தால் வேலை முடிந்தது. நீங்கள் சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று. சந்தா வாங்கும் நிறுவனத்துக்கு நீங்கள் விலகிப் போகாமல் இருப்பதுதான் வருமானம். முழுமையாக முடிந்த கதை வாடிக்கையாளரை விடுவித்துவிடுகிறது. முடியாத கதை அவரைக் கட்டிவைக்கிறது. பிரைமின் ஆண்டுச் சந்தா 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாய் ஆனது. 2025 ஜூன் 17 முதல், அதாவது நான்காவது சீசனுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, இந்தியாவிலும் நடுநடுவே விளம்பரங்கள் வரத் தொடங்கின. அவை வேண்டாமென்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். மெதுவாக நகரும் கதையின் இன்பமே இடையூறற்ற நேரம்தான். அந்த நேரத்தையே தனியாகப் பிரித்து விலை வைத்துவிட்டார்கள் என்பதைச் சந்தைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒருவித வியப்போடுதான் பார்க்கிறேன்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. கதை நிதானமானது, அது பரிமாறப்படும் முறை நிதானமானதன்று. எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாகின்றன. ரசிகர் ஓரிரவில் அவற்றைப் பார்த்து முடிக்கிறார். பிறகு வெறுமை. முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டாண்டுகளுக்கு மேல். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே மீண்டும் இரண்டாண்டுகள். அதன்பின் பதின்மூன்று மாதங்கள். ஒருநாள் விருந்து, ஓராண்டு பட்டினி. 1984 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ பதினேழு மாதங்கள் தூர்தர்ஷனில் ஓடிய 'ஹம் லோக்' தொடரும் மெதுவான கதைதான். ஆனால் அது சிறிது சிறிதாக வந்தது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட நாள்களில் மக்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். தூர்தர்ஷனுக்கு லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். காத்திருப்பதும் கதையின் ஒரு பகுதியாக இருந்தது.

ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் ஸ்டாஃபான் லிண்டர் 1970இல் எழுதிய நூலொன்றில், வருமானம் உயர உயர மனிதனின் ஓய்வு நேரமும் அவசரமாகிவிடும் என்று வாதிட்டார். ஒரு மணி நேரத்தின் மதிப்பு கூடும்போது, அந்த மணிக்குள் அதிகப் பொருள்களை நுகர்ந்துவிட வேண்டும் என்ற நெருக்கடி ஓய்வுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இப்போது எத்தனையோ பேர் காட்சிகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைக் காண்கையில் லிண்டர் நினைவுக்கு வருகிறார். ஆனாலும் அதே மனிதர்கள்தான் புலேராவைத் தேடி வந்தார்கள். வேகத்திலிருந்து இளைப்பாற வந்தவர்கள், இளைப்பாறுதல் கிடைக்காதபோது கோபம் கொள்வது இயல்புதானே.

உண்மையான நிதானம் கைகூடிய இடங்களை ரசிகர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள். மகனை இழந்த பிரஹலாதின் துயரம் ஒரு பகுதியில் ஆறிவிடவில்லை. மூன்றாவது சீசனில் நட்டஈடாகக் கிடைத்த ஐம்பது லட்சம் ரூபாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அமர்ந்திருக்கும் நேரங்கள் நீளமானவைதாம். அவற்றை யாரும் இழுவை என்று சொல்லவில்லை. நான்காவது சீசனில், எதிரணியைச் சேர்ந்த ஏழை வினோதை விருந்துக்கு அழைத்து, உபசரித்து, தம் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். அசோக் பாடக் நடித்த அந்த வினோத், ஏழ்மை வேறு துரோகம் வேறு என்று உணர்த்திவிட்டு எழுந்து போகிறார். சீசனைக் கடுமையாகச் சாடியவர்கள்கூட அந்தக் காட்சியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சீசனில் வரும் பாட்டியின் கதை. பேரன் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டான், குடிசையில் கிடக்கிறேன் என்று சொல்லி, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தனக்கு ஒரு வீடு கேட்கிறார். விசாரித்தால், பேரனின் குடும்பத்துக்கு இன்னொரு வீடு சேரட்டும் என்று நடத்திய நாடகம். சமவெளிப் பகுதியில் இத்திட்டத்தின் உதவித்தொகை 1.20 லட்சம் ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. எனவே 'குடும்பம்' என்பதற்கு அரசு வகுத்த வரையறையே குடும்பங்களைக் காகிதத்தில் பிரித்துவிடுகிறது. மானியத் திட்டங்களின் விதிகள் மனிதர்களின் நடத்தையை எப்படி வளைக்கின்றன என்பதை வகுப்பறையில் விளக்க எனக்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டிருக்கும். அந்தப் பாட்டியை ஏமாற்றுக்காரி என்று காட்டாமலே தொடர் அதைச் சொல்லிவிட்டது.

இனி அரசியல் பற்றிய புகார். பழைய புலேராவின் எளிமை போய்விட்டது, இப்போது எந்நேரமும் தேர்தல் பேச்சுதான் என்கிறார்கள். நான்காவது சீசனில் மஞ்சு தேவிக்குச் சுரைக்காய்ச் சின்னம், கிராந்தி தேவிக்குக் குக்கர். (குக்கர் சின்னம் நமக்குப் புதிதன்று.) இரு அணிகளும் ஒன்றன் காலை மற்றொன்று வாருவதிலேயே பல பகுதிகள் கழிவது உண்மை, அதில் சில சலிப்பூட்டுவதும் உண்மை. ஆயினும், ஊராட்சி அலுவலகத்தைப் பற்றிய தொடரில் ஊராட்சித் தேர்தல் வருவதைக் குறையாகச் சொல்பவர்கள், கிராமத்தை என்னவாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்? நகரத்து மனிதனின் களைப்பைப் போக்கும் ஓய்வில்லமாகவா?

முதல் சீசனின் அமைதிக்கு ஒரு விலையும் இருந்தது. திரிபாதி, துபே, பாண்டே, சுக்லா என்று அந்த அலுவலகத்தைச் சுற்றி வருபவர்களின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் ஓர் ஊரில் சாதியின் பேச்சே எழாமல் இத்தனை நாள் கழிவது, கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் திரைக்குள் அதிகம் வராததால்தான். தேர்தல் வந்த பிறகே வினோத் போன்றவரின் ஒப்புதலுக்கு மதிப்பு உண்டாயிற்று. அவரை அழைத்து விருந்து வைக்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் கொண்டாடிய காட்சியே, அவர்கள் வெறுத்த தேர்தல் கொடுத்ததுதான்.

மஞ்சு தேவியை எடுத்துக்கொள்வோம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அப்படி ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர் மஞ்சு தேவி; ஊரை ஆள்பவர் அவருடைய கணவர். வட இந்தியாவில் இத்தகைய கணவரைக் குறிக்க 'பிரதான்-பதி' என்ற சொல்லே வழங்குகிறது. 2025 மார்ச்சில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம், இந்தத் தொடரைத் தயாரித்த டிவிஎஃப் நிறுவனத்தோடு சேர்ந்து, நீனா குப்தாவையே நடிக்கவைத்து, உண்மையான தலைவர் யார் என்று கேட்கும் குறும்படம் ஒன்றை வெளியிட்டது. முதல் சீசனின் இறுதியில் நாட்டுப்பண்ணைப் பாடக் கற்றுக்கொள்ளவே திணறிய பெண், நான்காவது சீசனில் வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்கிறார். கணவரின் திட்டங்களைத் திருத்துகிறார். தோற்கிறார். வென்ற கிராந்தி தேவிக்குப் பின்னாலும் ஒரு கணவர் நிற்கிறார்.

2020 ஏப்ரலுக்கும் 2025 ஜூனுக்கும் இடைப்பட்ட காலம் ஐந்தாண்டுகளுக்குச் சற்று அதிகம். ஓர் ஊராட்சியின் பதவிக் காலமும் ஐந்தாண்டுகள். மேற்கு வங்கத்தில் எஸ்தர் டூஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு பொருத்தமானது. தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில்தான், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வெல்லத் தொடங்கினார்கள். ஒரு முறை பார்த்ததும் மனம் மாறிவிடவில்லை. மஞ்சு தேவியின் மாற்றம் மெதுவானது என்று சலித்துக்கொள்பவர்கள், உண்மையான ஊர்களில் அதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

தமிழில் இதன் மறுவாக்கம் 'தலைவெட்டியான் பாளையம்' என்ற பெயரில், 'மர்மதேசம்' நாகாவின் இயக்கத்தில் 2024 செப்டம்பரில் வந்தது. அது முதல் சீசனின் கதையைத்தான் சொன்னது. தேர்தல்வரை இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டிலோ 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடத்தப்படாமல், தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தாமதம் என்று சொல்லத்தக்கது இதுதான்.

ஐந்தாவது சீசனில் அபிஷேக் மேலாண்மைப் படிப்புக்குப் போவானா, ரிங்கியை மணப்பானா என்பதெல்லாம் ரசிகர்களின் கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைக்கட்டும். மீண்டும் ஒரு துப்பாக்கிச் சூட்டில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருந்தால் சரி. பதவி போன பிறகு மஞ்சு தேவி கிராம சபைக் கூட்டத்துக்கு வருவாரா, வந்தால் கணவரைப் பார்க்காமல் எழுந்து ஒரு கேள்வி கேட்பாரா என்பதைத் தெரிந்துகொள்ள, எட்டுப் பகுதிகள் பிடித்தாலும், நான் காத்திருக்கத் தயார்.