நாற்காலி கொடுத்தார்கள், நாட்டாண்மை கொடுத்தார்களா?

மான்செஸ்டர் நகரத்து ஓல்டு டிராபோர்டு ஆடுகளத்திலே, குழுவின் மேலாளர் அமரும் இருக்கைக்கு நேர் எதிரே ஒரு பெரிய பார்வையாளர் மாடம். அதன் நெற்றியிலே கொட்டை எழுத்தில் ஒரு பெயர்: சர் அலெக்ஸ் பெர்குசன். மாடத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை, அதுவும் அவருடையதே. சரி, அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று திரும்பினால், முதுகுக்குப் பின்னால், இயக்குநர்கள் அமரும் பகுதியிலே, அந்தப் பெயருக்குரிய மனிதரே வந்து உட்கார்ந்திருக்கிறார்!

முன்னே பெயர், பின்னே ஆள், வெளியே சிலை. நடுவிலே ஒரு மனிதர் வேலை பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டில் அந்த இருக்கைக்கு வந்தவர் டேவிட் மோயஸ். ஆறாண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். பத்துத் திங்கள் முடியுமுன்னே கிழித்துப் போட்டார்கள்!

திறமையற்றவர், தகுதிக்கு மீறிய இடத்துக்கு ஆசைப்பட்டவர் என்று தீர்ப்பெழுதியவர்கள் ஏராளம். நள்ளிரவு வரை விழித்திருந்து தொலைக்காட்சியிலே ஆட்டம் பார்க்கும் நம் தோழர்கள் சிலரும் அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். தோற்றவனைத் தூற்றுவதற்குத் தொண்டை வலிக்காது. ஆனால், தோழர்களே, ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கினால் நாம் முதலில் என்ன கேட்போம்? அவன் கையிலே என்ன கருவி கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள், அவன் பேச்சுக்குப் பட்டறையிலே மதிப்பிருந்ததா என்றுதானே கேட்போம்! அதையே இங்கும் கேட்போம்.

பெர்குசன் யார்? கிளாஸ்கோ நகரிலே கப்பல் கட்டும் கோவன் பகுதியிலே பிறந்தவர். தந்தை கப்பல் தளத் தொழிலாளி. மகன் கருவி செய்யும் பட்டறையிலே பயிலுநர், தொழிற்சங்கப் பிரதிநிதி, பயிலுநர்களின் வேலை நிறுத்தத்திலே முன்னின்றவர். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் பொறுப்பை ஏற்று, இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 38 கோப்பைகள் குவித்தார். அவற்றிலே லீக் பட்டம் மட்டும் 13. மாவீரர்தான், மறுப்பாரில்லை.

ஆனால் அந்த மாவீரர் முதல் கோப்பையை எப்போது தொட்டார்? 1990 மே மாதத்தில்! மூன்றரை ஆண்டு வெறுங்கையோடு நின்றார். 1989 டிசம்பரிலே, மூன்றாண்டு சாக்குப்போக்கு போதும், போய் வாரும் என்ற பொருளிலே ரசிகர்கள் துணி எழுதித் தூக்கினார்கள். நிர்வாகம் அசையவில்லை. பொறுத்தது, பொறுத்ததற்குப் பலன் கண்டது. மூன்றரை ஆண்டு அவருக்கு; பத்துத் திங்கள்கூட இல்லை இவருக்கு. அவருக்கு முன்னிருந்தவர் மாவீரரல்லர். ஆகவே அவர் தலைக்கு மேல் மாடமுமில்லை, சிலையுமில்லை. இவருக்கோ முதல் நாளிலிருந்தே தராசு தயாராக இருந்தது. தராசின் மறு தட்டிலே 38 கோப்பைகள்!

கொடுத்த குழுவாவது புதிதா? 2013இல் 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற குழு அது. வெளியிலே வெள்ளையடித்த வீடு. உள்ளே உத்தரத்திலே கரையான். ரியான் கிக்ஸுக்கு 39 வயது. பெர்டினான்டுக்கு 34. எவ்ராவுக்கு 32. நடுக்களத்தின் மூளையாக இருந்த பால் ஸ்கோல்ஸ் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றுவிட்டார். தேய்ந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். எந்தத் திருகை எப்போது முடுக்க வேண்டுமென்பது அவர் விரல்களுக்குத் தெரியும். அவர் இறங்கிவிட்டார். தெரிந்த விரல்கள் போய்விட்டன. தேய்ந்த இயந்திரம் நின்றது.

பணம்? 2005இல் அமெரிக்க முதலாளிகளான கிளேசர் குடும்பத்தார் அந்தச் சங்கத்தை வாங்கினார்கள். வாங்கியதிலே பெரும்பகுதி கடன். அந்தக் கடனைத் தங்கள் தலையிலா சுமந்தார்கள்? இல்லை; சங்கத்தின் தலையிலேயே கட்டினார்கள்! மாட்டை விற்றவனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மாடே உழைத்துக் கட்ட வேண்டும் என்கிற கணக்கு. பெர்குசன் இருந்தவரை அந்த ஓட்டை வெளியே தெரியாமல் வெற்றி மறைத்தது.

பெர்குசன் போன அதே கோடையிலே, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கலையிலே கைதேர்ந்த நிர்வாகி டேவிட் கில்லும் போனார். வந்தவர் எட் வுட்வார்டு. வங்கித் தொழிலிலிருந்து வந்தவர். இருவருமே புதியவர்கள்! கோடை முழுதும் இவர் வருவார், அவர் வருவார் என்று பத்திரிகைகள் எழுதியதுதான் மிச்சம். கடைசி நாளன்று, சந்தை அடைக்கும் நேரத்திலே, எவர்ட்டனிலிருந்து பெல்லைனி என்பவரை 2 கோடியே 75 லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். ஜூலைக்குள் கேட்டிருந்தால் ஒப்பந்த விதிப்படி 2 கோடியே 35 லட்சத்துக்குக் கிடைத்திருப்பார்! நாற்பது லட்சம் பவுன், நேரத்தோடு எழுந்து சந்தைக்குப் போகாத குற்றத்துக்கு. அந்தக் குற்றத்துக்கு எந்த இயக்குநரை நீக்கினார்கள்?

மோயஸிடம் பிழையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பிழை உண்டு. பெர்குசனோடு இருந்த பயிற்சியாளர்களை, ஃபெலன், மியூலன்ஸ்டீன் போன்றவர்களை, அனுப்பிவிட்டு எவர்ட்டனிலிருந்து தன்னோடு பழகியவர்களை அழைத்து வந்தார். வீட்டின் சாவி எங்கே தொங்குகிறதென்று தெரிந்தவர்களை வழியனுப்பிவிட்டு, இருட்டிலே சுவரைத் தடவினார். 2014 பிப்ரவரியில் புல்ஹாம் குழுவோடு ஆடியபோது, பக்கவாட்டிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட முறை பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள், முடிவு 2-2. வேறு வழி தெரியவில்லை என்பதை எண்பது முறை சொன்ன ஆட்டம் அது. ஆட்டத்துக்கு முந்தின நாள் உருளைக்கிழங்கு வறுவலை நிறுத்தினார் என்று பெர்டினான்டு பிறகு தன் நூலிலே குறைப்பட்டுக்கொண்டார். கோடிக்கணக்கில் ஊதியம் வாங்கும் ஆட்டக்காரர்களுக்கு வறுவல் ஒரு வழக்கு! பழையவர் நிறுத்தியிருந்தால் அதையே கட்டுப்பாடு என்று புகழ்ந்திருப்பார்கள்.

இது அந்த ஆடுகளத்துக்குப் புதுக் கதையுமல்ல. அங்கேயே ஒருமுறை நடந்ததுதான்.

மாட் பஸ்பி. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 1945இல் குண்டுவீச்சில் சிதைந்த ஆடுகளத்தோடு தொடங்கி, 1958இல் மூனிச் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்து, தானும் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டு, பத்தே ஆண்டில் 1968இல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டு வந்தவர். 1969இல் அவர் மேலே போனார். பொது மேலாளர் என்று பெயர். கீழே வந்தவர் வில்ப் மெக்கின்னஸ். வயது 31. நேற்று வரை தோளில் கைபோட்டுப் பழகிய பாபி சார்ல்டன்களுக்கு இன்று கட்டளையிட வேண்டும்! பட்டம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. முதலில் தலைமைப் பயிற்சியாளர் என்றே அழைத்தார்கள். மாடியிலே பழைய தலைவர். அவரிடம் முறையிட ஆட்டக்காரர்களுக்கு மாடிப்படி திறந்தே இருந்தது. வீட்டுச் சமையலில் உப்பு அதிகமென்று மாமியாரிடம் போய்ச் சொல்லும் மகன்களை வைத்துக்கொண்டு எந்த மருமகள் குடும்பம் நடத்துவாள்? 1970 டிசம்பரில் மெக்கின்னஸை நீக்கினார்கள். பஸ்பியே மீண்டும் வந்து உட்கார்ந்தார். அடுத்து ஓ'பாரல், 1972 டிசம்பரில் கிறிஸ்டல் பேலஸிடம் 5-0 என்று தோற்றதும் அவரும் வெளியே. 1974இல், ஐரோப்பாவை வென்று ஆறே ஆண்டில், அந்தக் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது!

அப்படியானால் மாவீரருக்குப் பின்னே வருகிறவர் வீழ்ந்துதான் ஆக வேண்டுமா? இல்லை என்று சொன்னது லிவர்பூல். மான்செஸ்டர் இறங்கிய அதே 1974. பில் ஷாங்க்லி, அவரும் சுரங்கத்தில் உழைத்தவர், கோப்பையை வென்ற கையோடு ஜூலையில் விலகினார். ஊரே அழுதது. அடுத்து வந்தவர் பாப் பெய்ஸ்லி. டர்ஹாம் சுரங்கப் பகுதிக்காரர், கொத்து வேலை பழகியவர். முழக்கம் தெரியாதவர், மேடைக்குக் கூசுகிறவர், எனக்கு இந்தப் பதவி வேண்டாமென்றே சொன்னவர். ஆகஸ்டு மாதம் வெம்பிளியில் நடந்த முதல் ஆட்டத்துக்குக் குழுவை அழைத்து வந்தவர்கூட அவரல்லர், ஷாங்க்லிதான்! பெய்ஸ்லி விட்டுக் கொடுத்தார்.

ஆனால் அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஷாங்க்லி பழக்கத்தை விட முடியாமல் பயிற்சிக் களத்துக்கு நாள்தோறும் வந்தார். ஆட்டக்காரர்கள் அவரையே தலைவரென்று அழைத்தார்கள். சில நாளில், இனி வர வேண்டாமென்று அவருக்கு உணர்த்தப்பட்டது. கட்டியவரையே கதவுக்கு வெளியே நிறுத்துவதா? கேட்கும்போது எனக்கும் நெஞ்சு கசக்கிறது. அந்தப் பெரியவர் சாகும்வரை அந்த வருத்தத்தைச் சுமந்தார். மரியாதையோடு செய்திருக்கலாம், செய்யவில்லை. ஆயினும் செய்தே தீர வேண்டியிருந்தது. ஓல்டு டிராபோர்டு செய்யத் துணியாத காரியம் அது.

இன்னொன்றும் இருந்தது லிவர்பூலிலே. காலணி அறை என்பார்கள். ஆட்டக்காரர்களின் காலணிகள் மாட்டியிருக்கும் சின்னஞ்சிறு அறை. அங்கே பெய்ஸ்லி, பேகன், மொரான் முதலியோர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பானம் பருகி, ஆட்டத்தை அலசினார்கள். ஷாங்க்லியின் வித்தை ஷாங்க்லியின் மண்டையிலே மட்டும் இல்லை. அந்த அறையிலே இருந்தது. ஆள் போனார், அறை இருந்தது. முதலாண்டு பெய்ஸ்லிக்கும் கோப்பையில்லை. ஒன்பது ஆண்டு முடிந்தபோது ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள்! அதே கோடையில் லீட்ஸ் குழுவில் டான் ரெவியின் இடத்துக்கு வந்த பிரையன் கிளப், அவர் மேதைதான் என்று பின்னால் உலகம் கண்டது, 44 நாளில் வெளியேற்றப்பட்டார் என்பதையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

மோயஸின் கதைக்கு வருவோம். 2014 ஏப்ரல் 20. தன் பழைய எவர்ட்டனிடமே 2-0 என்று தோல்வி. ஐரோப்பியப் பெருங்கோப்பைக்குத் தகுதி பெற முடியாதென்பது அன்றோடு உறுதியாயிற்று. மறுநாளே, நீக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கும் மறுநாள்தான் சங்கம் அறிவித்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு உரியவருக்குச் சீட்டுக் கொடுப்பது ஆலை முதலாளிகளின் பழைய பழக்கம். கால்பந்துக்கும் வந்து சேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அவர் படம் போட்டு ரசிகர்கள் தொங்கவிட்டிருந்த துணியும் இறங்கியது. அவரைத் தேர்ந்தெடுத்தவர் பெர்குசன், அமர்த்தியவர்கள் முதலாளிகள். அவர்கள் அப்படியே இருந்தார்கள்.

பிறகு வான் கால் வந்தார், மொரின்யோ வந்தார், சோல்ஷேர் வந்தார், டென் ஹாக் வந்தார். உலகப் புகழ் பெற்றவர்களும் வந்தார்கள், வீட்டுப் பிள்ளையும் வந்தார். ஒருவராலும் லீக் பட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 2025இல் அந்தக் குழு முடித்த இடம் பதினைந்து! இத்தனை பேருமா திறமையற்றவர்கள்?

திறமையற்றவர் என்று தள்ளப்பட்ட மோயஸ் பின்னர் லண்டனிலே வெஸ்ட் ஹாம் குழுவின் பொறுப்பை ஏற்றார். 1980க்குப் பிறகு பெரிய கோப்பை எதையும் காணாத குழு. 2023 ஜூன் 7 அன்று, ப்ராக் நகரிலே, இத்தாலியின் பியோரெண்டினாவை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கான்பரன்ஸ் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அறுபது வயது மனிதர் ஆடுகளத்து ஓரமாகச் சிறுபிள்ளை போல் ஓடினார். பிறகு கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி, எண்பதைக் கடந்த தன் தந்தையின் கழுத்திலே போட்டார்.