கேபிளை வெட்டச் சொல்லுகிற தோழர்களுக்கு

"கேபிளை வெட்டுங்கோ, அந்தக் காசுக்கு நெட்ஃபிளிக்ஸ் எடுக்கலாம்" என்கிற குரல் இப்போது எங்கட வட்டத்துக்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிட்டது. சொல்லுகிறவர்கள் எல்லாரும் நல்ல பெடியள், பெட்டையள்தான். கொரியாவில் என்ன வந்தது, ஈரானில் என்ன வந்தது எண்டு எங்களுக்குச் சொல்லித் தருகிறவர்களும் அவர்கள்தான். அவர்களோடுதான் இந்தச் சண்டை. கேபிள் எண்டால் மாமியார் மருமகள் சீரியல், ஸ்ட்ரீமிங் எண்டால் உலக சினிமா. ஒன்று அம்மாக்களுக்கு, மற்றது எங்களுக்கு. இந்தக் கணக்கே பிழை எண்டு சொல்ல வருகிறோம்.

முதலில் காசுக் கணக்கையே பார்ப்போம். சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறத்தாழ 1 ஜிபி, எச்டி எண்டால் 3 ஜிபி வரை போகும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். எங்கட வீடுகளில் அம்மா பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு ஆறரைக்கு ரிவிக்கு முன்னால் இருந்தால் எழும்பப் பத்து மணியாகும். மூன்றரை மணித்தியாலம். அதே நேரம் ஸ்ட்ரீமிங்கில் ஓடினால் மாதம் 105 ஜிபி, எச்டி எண்டால் 315 ஜிபி. சந்தாக் காசு வேறு, டேட்டாக் காசு வேறு. கேபிள்காரர் அம்மா எத்தனை மணித்தியாலம் பார்த்தா எண்டு எண்ணுவதில்லை, மாதம் முடிய ஒரே காசு. நாங்கள் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வருகிற இரவு டேட்டாவுக்குக் காத்திருந்து படம் டவுன்லோட் பண்ணுகிறோம். அம்மாவையும் நடுச்சாமம் முழித்திருக்கச் சொல்லுவதா?

அதுவும் டொலரில் கட்ட வேண்டிய காசு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு 200 ரூபாவுக்கு நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு சதம் கூட்டாமலேயே எங்களுக்கு விலை கூடிவிட்டது. சந்திக் கடையில் காசைக் குடுத்துக் கட்டவும் வழியில்லை, பாங்க் கார்ட் வேணும். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய கார்ட் இருக்கு?

இருந்தும் நெட்ஃபிளிக்ஸ் எப்படி எங்கட ஒழுங்கைகளுக்குள் வந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். கனடாவில் இருக்கிற மச்சானின்ர பாஸ்வேர்ட். ஸ்காபரோவில் ஒரு சித்தப்பா கட்ட, கோண்டாவிலில் ஐந்து பேர் பார்த்தோம். 2023 பெப்ரவரியில் கனடாவில்தான் நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்ட் பகிர்வை முதலில் இறுக்கிய நாடுகளில் ஒன்றாகத் தொடங்கியது. ஒரே வீட்டில் இல்லாதவருக்கு மேலதிகக் காசு. அந்தக் கம்பனிக்கு "குடும்பம்" எண்டால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள். மூன்று கண்டத்தில் சிதறிக் கிடக்கிற எங்கட குடும்பங்கள் அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. "எனக்கு என்ர சுதந்திரம், நான் விரும்பினதைப் பார்க்கிறன்" எண்டு சொன்ன தோழர்கள் பலரின் சுதந்திரம் அந்த மாதத்தோடு லொக் ஆகியது. பிறகு டெலிகிராம். அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

விபிஎன் தேடி அலைந்த கதையும் இருக்கு. உலகம் முழுவதும் ஒரே திரை எண்டு விளம்பரம், உள்ளே போனால் "உங்கள் நாட்டில் கிடைக்காது" எண்டு வரும். முப்பது சொச்சம் கிலோமீற்றர் கடலுக்கு அந்தப் பக்கம் கிடைக்கிற தமிழ்ப் படம் இந்தப் பக்கம் கிடைக்காது. கேபிளுக்கு எல்லை தெரியாமல் இருந்தது. ஸ்ட்ரீமிங் எங்கட பாக்கு நீரிணையை நல்லா அளந்து வைத்திருக்கிறது.

சரி, காசும் கார்ட்டும் தற்காலிகப் பிரச்சினை, நாளைக்கு மலிந்துவிடும் எண்டு ஒரு தோழர் சொன்னார். மலியட்டும். உள்ளே என்ன இருக்கு எண்டதையும் பார்ப்போம். 2021 ஜூன் 4, அமேசன் பிரைமில் 'த ஃபமிலி மேன்' இரண்டாம் பருவம். ஈழப் போராளியாகச் சமந்தா, இந்தியாவை அழிக்க வருகிறா. வெளிவர முதலே தமிழ்நாடு அரசு தடை கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது, நிகழ்ச்சி வந்தே தீர்ந்தது. சரியாக இரண்டு கிழமை கழித்து, ஜூன் 18, நெட்ஃபிளிக்ஸில் 'ஜகமே தந்திரம்'. லண்டனில் ஈழ அகதிகள், அவர்களுக்கு ஒரு கும்பல், கடைசியில் நியாயம் வாங்கித் தர மதுரைக்காரர் ஒருவர் வரவேண்டியிருக்கு. ஒன்றில் பயங்கரவாதி, மற்றதில் பாவப்பட்ட அகதி. பதினான்கு நாளுக்குள் உலகத்தின் இரண்டு பெரிய மேடைகளில் எங்களுக்குக் கிடைத்த வேடங்கள் இவைதான். சன் ரிவி சீரியலில் நாங்கள் இல்லவே இல்லை. எது மேல் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

கைத்தொலைபேசியில் எடுத்து எங்கட மண்ணின் இறுதி யுத்தத்தைச் சொன்ன மதிசுதாவின் 'வெந்து தணிந்தது காடு' படத்தைத் தேடிப் பாருங்கள். சிம்புதான் வருவார். அதே பெயரில் 2022இல் கௌதம் மேனன் எடுத்த பெரிய படம். அல்கொரிதத்துக்கு எந்தக் காடு வெந்தது எண்டு தெரியாது.

கேபிளைக் காப்பாற்ற வந்தவர்கள் எண்டு எங்களை நினைக்க வேண்டாம். கேபிளிலும் எங்களுக்குக் கோபம் இருக்கு, அது இன்னும் பெரிய கோபம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை ஏறியது. குடாநாடு முழுக்க மழை, காற்று, வெள்ளம். வீட்டு ரிவியில் சென்னைச் செய்திச் சனல்கள் பாம்பனை எப்ப தொடும், தூத்துக்குடிக்கு எப்ப வரும் எண்டு நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தன. எங்கட தலைக்கு மேலே நின்ற புயலை நாங்கள் பாம்பனின் வானிலை அறிக்கையில் தேடினோம். வேளச்சேரியில் எந்தத் தெருவில் தண்ணி நிற்குது எண்டு எங்கட அம்மம்மாவுக்குத் தெரியும். வடமராட்சியில் எந்த றோட் மூடியிருக்கு எண்டு தெரியாது.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா வென்றபோது எல்லாரும் சந்தோசப்பட்டோம், நாங்களும்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அரியாலைப் பிள்ளை பாடுவது நாவற்குழிக்குக் கேட்க, அந்தப் பிள்ளை சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. லொஸ்லியா கிளிநொச்சிப் பிள்ளை எண்டு எங்களில் பாதிப்பேர் அறிந்துகொண்டது 2019இல் விஜய் ரிவியின் பிக்பொஸ் வீட்டுக்குள் அவ போன பிறகு. எங்களை எங்களுக்கே காட்ட ஒரு சென்னை ஸ்ரூடியோ வேணும் எண்ட நிலைமை கேபிள் எங்களுக்குப் பழக்கிவிட்ட நிலைமை.

இது எப்பவும் இப்படி இருக்கவில்லை. எங்கட தாத்தாக்கள் காலத்தில் காற்று மற்றப் பக்கம் வீசியது. இலங்கை வானொலியைத் தமிழ்நாடு கேட்டது. கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் அடையாளம் தெரிந்த சனம் இருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலித் தொடராக ஓடியது. 'கோமாளிகள்' வானொலி நாடகம் 1976இல் படமாகவே வந்தது. அந்த நாடகங்களில் எங்கட ஆக்கள் எங்கட தமிழில் சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள். 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் வந்து 'பொன்மணி' எடுத்தார். சாதி, சீதனம், ஒரு வீட்டின் வறுமை. எங்கட வயதில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? நெட்ஃபிளிக்ஸுக்கு அந்தப் பெயர் தெரியுமோ இல்லையோ, எங்கட கேபிளில் அதைப் போட்டால் என்ன எண்டு ஒருதரும் கேட்கவில்லை.

பிறகு வந்தது டெக் காலம். ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டியும் படம் பார்த்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்டார்கள். அந்தக் கஷ்டத்தைப் புனிதமாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் படம் எண்டது அப்போது ஒரு ஒழுங்கையே சேர்ந்து பார்க்கிற விசயம். இப்ப ஒரு வீட்டில் நாலு பேர், நாலு போன், நாலு இயர்போன். ரிவி மட்டும்தான் இரண்டு பேராவது சேர்ந்து இருக்கிற இடம். அதையும் அம்மாவுக்கு ஒரு போனை வாங்கிக் குடுத்து முடித்துவிடலாம் எண்டு நினைக்கிறீர்கள்.

அம்மாக்களின் சீரியலை நக்கல் அடிப்பது இலேசு, எங்களிலும் பலர் அடிப்போம். விடிய நாலரைக்கு எழும்பி, சமைத்து, வேலைக்கும் போய் வந்து, திரும்பவும் சமைக்கிற பெண் ஒரு நாளில் கால் நீட்டி இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவவுக்குக் கிடைப்பது சென்னைப் பணக்கார வீட்டு மாமியாரின் சதி. அவவின்ர வாழ்க்கை இல்லை, அவவின்ர தமிழும் இல்லை. குற்றம் பார்க்கிறவவில் இல்லை, வேற ஒன்றும் செய்து குடுக்காத எங்களில். நீங்கள் நெட்ஃபிளிக்ஸ் எடுத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அவவின் ரிவியில் என்ன ஓடுது எண்ட கேள்வியை விட்டு ஓடுகிறீர்கள், வேற ஒன்றுமில்லை.

ஏன் கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்? நெட்ஃபிளிக்ஸின் சேர்வர் எங்கே இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியாது, அதை நடத்துகிறவர்களோடு கதைக்கவும் ஏலாது. கேபிள்காரரின் கொன்ட்ரோல் றூம் ரவுணில் ஏதோ ஒரு மாடியில் இருக்கும். மொட்டைமாடியில் நாலைந்து டிஷ், உள்ளே வருகிற சிக்னலைச் சனல் சனலாக அடுக்குகிற பெட்டிகள், அங்கிருந்து கம்பம் கம்பமாக வயர். அந்த அடுக்கில் ஒரு இடத்தை உள்ளூருக்கு ஒதுக்க ஒரு கொம்பியூட்டரும் இன்னொரு பெட்டியும் போதும். டான் போல இங்கிருந்தே நடக்கிற தொலைக்காட்சியும் இருக்கு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளையும் எழும்பி நடக்க ஏலாத கிழவிகள் பார்ப்பது உள்ளூர் ஆக்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றதால். இந்த வசதி கையில் இருக்கும்போதே சீரியலுக்கும் பழைய பாட்டுக்கும் மரண அறிவித்தலுக்கும் மட்டும் அதை விட்டுவிட்டோம்.

வயர் யாரின் கையில் இருக்கு எண்டது சின்ன விசயமில்லை. தமிழ்நாட்டில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிளுக்கு எதிராக அரசே 2007இல் அரசு கேபிள் எண்டு ஒன்றைத் தொடங்கியது. 2011இல் ஜெயலலிதா அதை மாதம் 70 ரூபாவுக்குக் குடுத்தார். அதில் நல்லெண்ணம் எவ்வளவு, குடும்பச் சண்டை எவ்வளவு எண்டு சென்னைக்காரர் சொல்லட்டும். வயரைப் பிடித்தவர் வீட்டுக்குள் வருவார் எண்டு அங்கே முதலமைச்சர்களுக்கே விளங்கியது. இங்கே எங்கட அரசியல்வாதிகளுக்குக் கம்பம் எங்கே நட்டது எண்ட சண்டைதான் தெரியும். அந்தக் கம்பத்தில் என்ன வருகிறது எண்டு ஒரு சபையும் கேட்டதாகக் காணவில்லை.

யூரியூப் இருக்கே எண்டு கேட்பீர்கள். இருக்கு, எங்கட தமிழில் கதைக்கிற பெடியளும் அதில்தான் இருக்கினம், நாங்களும் பார்க்கிறம். ஆனால் யூரியூப் யாழ்ப்பாணத்தில் எதை வளர்த்தது எண்டும் பாருங்கோ. உதவி வீடியோ. ஓலைக் கொட்டில், அழுகிற தாய், கமராவுக்கு முன்னால் எண்ணிக் குடுக்கிற காசு, கீழே வெளிநாட்டு அண்ணாமாரின் கொமென்ற். வறுமையை வியூவாக மாற்றுகிற அந்த வியாபாரத்தில் மானம் போனது கொட்டிலில் இருந்த சனத்துக்கு. அதைக் கண்டிக்கிற ஒரு ஆசிரியர் குழுவோ, முறையிட ஒரு வாசலோ அங்கே இல்லை. பார்க்கிறவர் எண்ணிக்கை மட்டும்தான் சட்டம்.

ஸ்ட்ரீமிங்கில் நல்லது இல்லையா எண்டால், இருக்கு. 'ஸ்குயிட் கேம்' தமிழில் பேசியபோது கொரிய வார்த்தை தெரியாத அப்பாக்களும் இருந்து பார்த்தார்கள், அது பெரிய விசயம் (பேசியது சென்னைத் தமிழ் எண்டாலும்). 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது கேபிள் செத்துக் கிடந்தது, போனில் இறக்கி வைத்த படம்தான் ஓடியது. காசு இருக்கிறவர் எடுங்கோ, பாருங்கோ, எங்களுக்கும் பாஸ்வேர்டைத் தாங்கோ. கேபிளை மட்டும் வெட்டாதேங்கோ.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கிழமைக்கு ஒருக்கா, ஒரு மணித்தியாலம், உள்ளூர் சனலில். யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கிற பிள்ளைகள் எடுக்கிற குறும்படங்கள் ஒரு திரையிடலோடு ஹார்ட் டிஸ்க்குக்குள் தூங்குகின்றன, அவற்றைப் போடலாம். 'பொன்மணி'யின் உரிமை யாரிடம் எண்டு விசாரித்து, கேட்டு வாங்கிப் போடலாம். மழைக் காலத்தில் எந்த றோட்டில் வெள்ளம் எண்டு ஒரு பெட்டை எங்கட தமிழில் வந்து சொல்லலாம். படம் எடுக்கிற தோழர்களிடம் கேட்கிறோம்: பெர்லினுக்கும் டொரொன்டோவுக்கும் அனுப்புகிற அதே படத்தின் ஒரு கொப்பியைக் கொக்குவிலில் இருக்கிற கேபிள்காரரிடமும் குடுங்கோ. அவர் காசு தரமாட்டார், ஆனால் உங்கட மாமி பார்ப்பா. பார்த்துவிட்டு "என்ன இழவுப் படம் எடுத்து வச்சிருக்கிறாய்" எண்டு கேட்பா. அந்த விமர்சனம் ஒரு பெஸ்டிவலிலும் கிடைக்காது.

மாதக் காசு வாங்க வருகிற பெடியனிடம் முதலில் கதையுங்கோ, முதலாளியின் நம்பர் அவனிடம் இருக்கும். ஒரு வீடு கேட்டால் சிரிப்பார், ஒரு ஒழுங்கையே கேட்டால் யோசிப்பார். சீரியல் நேரத்தில் எடுத்தால் லைன் பிரச்சினை எண்டு பத்துப் பேர் அவரைப் பேசிக்கொண்டிருப்பினம், பின்னேரம் ஐந்துக்கு முதல் எடுங்கோ.