மீனுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணியோட பல்ஸைப் பிடிங்க!

“வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சு!”

தொட்டியில ஒரு மீன் செத்து மிதந்தா, பாட்டியில ஆரம்பிச்சு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும் நம்ம ஊர்ல சொல்ற ஆறுதல் டயலாக் இதுதான். வாஸ்து மீன்னு சொல்லி ஃபிளவர்ஹார்னையும் அரோவானாவையும் ஹால்ல வைக்கிற வீடுகள்ல இதுக்கு மவுசு இன்னும் ஜாஸ்தி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாஸ், இதுல ஒரு சிக்கல். கேஸ் அன்னைக்கே க்ளோஸ்! போஸ்ட்மார்ட்டம் கிடையாது, விசாரணை கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமை புது மீன் வாங்கி அதே தண்ணியில விட்டுடுவோம். குற்றவாளி தொட்டிக்குள்ளேயே ஜாலியா இருப்பார்.

போன வாரம் இதே பக்கத்துல ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸைப் பிரிச்சு மேய்ஞ்சோம். இந்த வாரம் மீன் தொட்டி.

சம்பவம் நடந்த இடம், சென்னையில என் சித்தி வீடு. 2 அடி நீளத் தொட்டி. அதுல ‘ஜில்லு’, ‘டிங்கு’ன்னு ரெண்டு கோல்டு ஃபிஷ். ஓனர், மூணாவது படிக்கிற என் தங்கச்சி. ஒரு ஞாயிறு சித்தப்பாவுக்குச் சுத்தம் செய்ற ஆசை வந்துடுச்சு. மீன்களை மக்குல பிடிச்சு வச்சுட்டு, தண்ணி முழுக்கக் கொட்டி, கூழாங்கல்லைப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்ச்சு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில பிழிஞ்சு, தொட்டியை ஷோரூம் பீஸ் மாதிரி ஆக்கிட்டார். வியாழக்கிழமை டிங்கு அவுட். ‘கண்டம் போச்சு’ன்னு பாட்டி தீர்ப்பு. பாப்பா அழறாளேன்னு ஒரு கடையில புதுசா ஒண்ணு வாங்கி, கவரைப் பிரிச்சு நேரா உள்ளே விட்டாங்க. பத்தே நாள்ல ஜில்லு மேல ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கல்லுல உடம்பை உரசிக்கிட்டு, ஓரமா ஒதுங்கி நிக்குது.

அப்பதான் எனக்கு போன் வந்துச்சு. “அண்ணா, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... இதுவும் போயிடுமாண்ணா?”

கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவனை ஃபேன் ரிப்பேருக்குக் கூப்பிடுற ஊர் இது. ஆனா இந்தத் தடவை கூப்பிட்டது கரெக்டான ஆளைத்தான். ஏன்னா மீன் தொட்டிங்கிறது ஒரு ரியாக்டர். உள்ளே என்ன வருது, என்ன மாறுது, வெளியே என்ன போகுது... இதுதான் எங்க மூணாவது செமஸ்டர் பாடமே!

டிங்குவைக் கொன்னது யாரு?

நாம ஒரு ரூம்ல இருந்தா பாத்ரூம் தனியா இருக்கு. மீனுக்கு ரூமும் பாத்ரூமும் ஒண்ணுதான். சாப்பிட்ட புரதத்தோட கழிவை அது முக்கியமா செவுள் வழியா அம்மோனியாவா வெளியே விடுது. மிச்சம் கிடக்கிற தீனியும் அழுகி அம்மோனியாதான் ஆகுது. அது மீனுக்கு விஷம். பி.எச். ஏற ஏற, சூடு ஏற ஏற அந்த விஷத்தோட வீரியமும் கூடும்.

இதைச் சமாளிக்க தொட்டியிலயே ஒரு துப்புரவுப் படை இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கோஷ்டி அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறதையே தடுக்கும். அடுத்த கோஷ்டி அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ஓரளவு சாது. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா வெளியே போயிடும். இந்தப் படை குடியிருக்கிறது தண்ணியில இல்ல மக்களே... ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கூழாங்கல்லுலயும். அது புதுசா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில ஸ்பாஞ்சைக் கழுவினா மொத்தப் படையும் காலி.

இப்ப சித்தப்பாவோட ஞாயித்துக்கிழமையை ரீவைண்ட் பண்ணிப் பாருங்க. தொட்டி பளபள. ஆனா உள்ளே ஒரு துப்புரவுப் பணியாளர்கூட இல்ல. கடையில விக்கிற சொட்டு மருந்து மாதிரியான டெஸ்ட் கிட்ல தண்ணியைச் சோதிச்சேன். மஞ்சளா நிக்க வேண்டிய கலர் பச்சையா மாறுச்சு. அம்மோனியா! தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சுங்கிறதுதான் இதுல கொடுமை. தெளிவான தண்ணி வேற, நல்ல தண்ணி வேற.

ஜில்லுவுக்கு வந்தது என்ன?

அது வெள்ளைப் புள்ளி நோய். ‘இக்’னு செல்லமா சொல்வாங்க. ஒரு செல் ஒட்டுண்ணி. பெரும்பாலும் புது மீனோட, புதுச் செடியோட, ஈர வலையோட உள்ளே வரும். தொட்டித் தண்ணி ஏற்கெனவே மோசமா இருந்தா, தளர்ந்துபோன மீனை ஈஸியா மடக்கிடும்.

இதோட வாழ்க்கைக் கதை தெரியாம மருந்து ஊத்துறது வேஸ்ட். மீன் தோலுக்குள்ள வளர்ற வரைக்கும் எந்த மருந்தும் அதை எட்டாது. வளர்ந்ததும் உதிர்ந்து தரையில ஒட்டிக்கும். அங்கே ஒண்ணு நூத்துக்கணக்குல பெருகும். குட்டிங்க நீந்தி வந்து ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிக்கலைன்னா செத்துடும். அந்த நீந்துற நேரத்துலதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். நம்ம ஊர் வெயிலுக்கு இந்த ஒரு சுத்து சில நாள்ல முடியும். ஊட்டி மாதிரி குளிர்ல வாரக்கணக்கா இழுக்கும்.

அதனால, ‘புள்ளி போயிடுச்சு, குணமாயிடுச்சு’ன்னு நினைக்காதீங்க. புள்ளி மறைஞ்சா ஒட்டுண்ணி தரைக்கு இறங்கியிருக்குன்னுதான் அர்த்தம். கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரம் வைத்தியத்தைத் தொடரணும்.

என்ன செஞ்சோம்?

முதல் நாள் மருந்தே கிடையாது. தண்ணிதான். பக்கெட்ல பிடிச்சு 24 மணி நேரம் திறந்து வச்ச தண்ணி. குளோரின் பறந்துடும். அவசரம்னா கடையில விக்கிற குளோரின் நீக்கி சில சொட்டு. கால் பங்கு மாத்தினா அம்மோனியாவும் கால் பங்குதான் குறையும். ரெண்டு தடவை மாத்தினா மிச்சம் 56 சதவிகிதம், மூணு தடவைன்னா 42. அதனால தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினோம். தரையில படிஞ்சதை டியூப் வச்சு உறிஞ்சி எடுத்தோம். அதுலயே ஒட்டுண்ணி முட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கிறதும் கணிசமா வெளியே வந்துடும்.

அடுத்து கல்லுப்பு. இங்கதான் கணக்கு வேணும். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கி 1000-ஆல வகுத்தா 54 லிட்டர். கல்லும் மேல விட்ட இடமும் போக 45. லிட்டருக்கு 2 கிராம்னா 90 கிராம். அதை ஒரேயடியா கொட்டக் கூடாது. 30 கிராமா மூணு பங்கு, 12 மணி நேரத்துக்கு ஒண்ணு, தனியா கரைச்சு ஊத்தணும். 11 லிட்டர் தண்ணி மாத்தினா கூடவே 22 கிராம் உப்பு. ஆனா ஆவியாகிக் குறைஞ்ச தண்ணியை நிரப்புறப்போ உப்பு போடவே கூடாது. ஏன்னா தண்ணிதான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிக்கும்! தொட்டியில செடியோ செதில் இல்லாத கெளுத்தி வகையோ இருந்தா உப்பு வேண்டாம்.

ஏர் பம்ப்பை ஃபுல் டைம் ஓட விட்டோம். 20 டிகிரி தண்ணி லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரின்னா ஏழரைதான். சென்னை வெயில்ல நோயாளிக்கு அந்த ஒன்றரை பெரிய விஷயம். தீனியைப் பாதியாக் குறைச்சோம். மிஞ்சின தீனி அடுத்த அம்மோனியா. நல்லா வளர்ந்த மீன் ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. ‘பாவம், பசிக்கும்’னு அள்ளிப் போடுறதுதான் ஆபத்து.

16 நாள். தங்கச்சி ஒரு நோட்டுல தினமும் புள்ளியை எண்ணி எழுதினா. புதுசா வந்த மீன் அஞ்சாவது நாள் போயிடுச்சு. ஜில்லு பிழைச்சுது.

எல்லா நோய்க்கும் உப்பா?

இல்லவே இல்ல. தண்ணி மட்டத்துல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? மூச்சுப் பிரச்னை. அம்மோனியா, ஆக்ஸிஜன் ரெண்டையும் பாருங்க. ஆனா ஃபைட்டர் மீன் மேல வந்து காத்து வாங்குறது அதோட இயல்பு, பயப்படாதீங்க. துடுப்போட ஓரம் வெளுத்துக் கிழியுதா? துடுப்பு அழுகல், பெரும்பாலும் மோசமான தண்ணியோட பின்விளைவு. கோல்டு ஃபிஷ் பலூன் மாதிரி கவுந்து மிதக்குதா? ரெண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்க. செதிலெல்லாம் தூக்கிட்டு உடம்பு உப்பியிருந்தா உள்ளுறுப்பே கெட்டிருக்கலாம். அது கஷ்டமான கேஸ்.

வெள்ளைப் புள்ளி வந்தா தொட்டி முழுக்கத்தான் வைத்தியம். காயம், துடுப்பு அழுகல் மாதிரின்னா ஒரு மீனை மட்டும் சோப்பு படாத பக்கெட்ல தனியா வச்சு ஏர் கொடுத்துப் பார்த்துக்கலாம். சென்னையில கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் வரிசையா இருக்கிற ஏரியாவுக்குப் போனா நீலம், பச்சை, மஞ்சள்னு மருந்து பாட்டில்கள் கண்ணைப் பறிக்கும். நீலம் மெத்திலீன் ப்ளூ. நம்ம துப்புரவு பாக்டீரியாவையும் பதம் பார்க்கும், அதனால தனி பக்கெட்டுக்குத்தான் லாயக்கு. பச்சை மாலகைட் க்ரீன், சாப்பிடுற மீனுக்குத் தடை செய்யப்பட்ட விஷச் சரக்கு, கையுறை இல்லாம தொடாதீங்க. என்ன நோய்னு தெரியாம ஆன்டிபயாடிக் போடவே போடாதீங்க. மருந்து போடுறப்போ ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துடுங்க, அது மருந்தை உறிஞ்சிடும். கையில வெட்டுக்காயம் இருந்தா தொட்டியில கை விடாதீங்க. மீன் தொட்டித் தண்ணியில இருக்கிற ஒருவகை பாக்டீரியா நம்ம தோல்ல ஆறாத கட்டியை உண்டாக்கும்.

சந்தேகம்னா கால்நடை மருத்துவர்கிட்ட கேட்கலாம், வெட்கப்பட ஒண்ணுமில்ல. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமா வச்சு 2012-ல ஆரம்பிச்ச மீன்வளப் பல்கலைக்கழகத்துல மீன் நோய் ஒரு பாடமே! பி.எஃப்.எஸ்சி. படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தா ட்ரீட் கொடுத்துக் கைக்குள்ள போட்டுக்குங்க.

பிழைக்காதுன்னு தோணினாலும் சரி, வளர்க்க முடியலைன்னாலும் சரி, ‘புண்ணியமாப் போகும்’னு ஏரியில கொண்டுபோய் விட்டுடாதீங்க. தொட்டியைச் சுத்தம் செய்யும்னு வாங்கின சக்கர் மீனை அப்படி விட்டுத்தான், தென் அமெரிக்காவுல இருந்து வந்த அது இன்னைக்கு நம்ம நீர்நிலைகள்ல நாட்டு மீனோட இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நோயுள்ள மீன்னா அந்த நோயையும் சேர்த்து விடுறீங்க.

‘ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி காசுல கிடைக்கிற மீனுக்கு இவ்ளோ சீனா?’ன்னு கேட்பீங்க. நல்லாப் பார்த்துக்கிட்டா கோல்டு ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல வாழும். இங்கிலாந்துல 1956-ல ஒரு திருவிழாக் கடையில பரிசா ஜெயிச்ச ‘டிஷ்’ங்கிற கோல்டு ஃபிஷ், 1999 வரைக்கும், 43 வருஷம் வாழ்ந்து கின்னஸ்ல இடம் பிடிச்சுது. நம்ம வீடுகள்ல அது மூணு மாசத்துல சாகுதுன்னா, அதோட ஆயுசு கம்மின்னு அர்த்தம் இல்ல.

வீட்டுல தொட்டி இருக்கிறவங்களுக்கு இந்த வார அசைன்மென்ட் மூணே மூணுதான். ஸ்பாஞ்சைத் தொட்டியில எடுத்த தண்ணியிலயே அலசுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் கழுவாதீங்க. புது மீன் வந்தா 3, 4 வாரம் தனி பக்கெட், தனி வலை. அப்புறமும் ஒரு மீன் செத்துட்டா, பாட்டி சொல்றதை மரியாதையாக் கேட்டுக்கிட்டு, ஒரு டம்ளர் தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. மிச்சம் இருக்கிற மீன் நீங்க சொல்லப்போற ரிசல்ட்டுக்காகத்தான் வெயிட்டிங்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!