பிறந்த ஊரும் புகழ்பெற்றோர் பட்டியலும்

மேற்கு உக்ரைனில், ஸ்திரிபா ஆற்றங்கரையில் அமைந்த சிறுநகரம் புச்சாச். ஏறத்தாழ 12,000 பேர் வாழும் அந்நகரைப் பற்றிய குறிப்புகள் 'புகழ்பெற்றோர்' பட்டியலோடு முடிவது வழக்கம். 1966ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எபிரேய எழுத்தாளர் அக்னோன். நாஜிக் குற்றவாளிகளைத் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த சைமன் வீசென்தால். வார்சா கெட்டோவின் வாழ்வையும் சாவையும் ஆவணமாக்கி, பால் கேன்களில் இட்டு மண்ணில் புதைத்துக் காத்த வரலாற்றாசிரியர் ரிங்கல்ப்ளம். மூவரும் இவ்வூரில் பிறந்தவர்கள். பட்டியல் இதைச் சொல்கிறது. சொல்ல வேண்டிய எஞ்சியவற்றை விழுங்கிவிடுகிறது.

மூவரும் பிறந்தபோது புச்சாச் ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில் இருந்தது. பின்னர் சில மாதங்கள் மேற்கு உக்ரைன் மக்கள் குடியரசு, அதன்பின் போலந்து, 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மனி, 1944இல் மீண்டும் சோவியத். நகர மன்றக் கட்டடத்தை எழுப்பியவர் போலந்துப் பிரபு ஒருவர். அதற்குச் சிலைகள் செதுக்கியவர், பூர்வீகம் இன்றளவும் தெளிவாகாத பின்செல். இத்தகைய ஊரில் பிறந்தோரை இன்றைய எல்லைக்கோட்டைக் கொண்டு 'உக்ரைனின் மைந்தர்' என எழுதுவது ஆய்வாகாது. உரிமை கோரல் மட்டுமே.

அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. மூவரும் யூதர்கள். போருக்கு முன் நகர மக்களில் ஏறக்குறையப் பாதியாக இருந்த யூதச் சமூகம் 1941க்கும் 1944க்கும் இடையில் அழிக்கப்பட்டது. பலர் ஃபெதிர் குன்றில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் பெல்ஜெக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். கொன்றவர்கள் ஜெர்மானியர், உடன் நின்றது உள்ளூர்த் துணைக் காவல்படை. கொல்லப்பட்டோரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த அண்டைவீட்டாரும் அதில் இருந்தனர் என்பதை ஓமர் பார்டோவின் 2018ஆம் ஆண்டு நூல் சான்றுகளோடு நிறுவுகிறது. உயிரைப் பணயம் வைத்து யூதரை ஒளித்துவைத்த அண்டைவீட்டாரையும் அதே நூல் பதிவுசெய்கிறது. போருக்குப் பின் போலந்தியரும் வெளியேற்றப்பட்டனர். பட்டியலோ புகழை வைத்துக்கொண்டு சமூகத்தைக் கைவிடுகிறது.

உக்ரைன் படையெடுப்புக்கு ஆளாகியிருக்கும் வேளையில் இதைப் பேசுவது மாஸ்கோவுக்குத் துணைபோவதாகும் என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் தலைகீழானது. பல இனத்தார் வாழ்ந்த வரலாறு இருப்பதால் ஒரு நாட்டின் இறையாண்மை செல்லாததாகிவிடாது. உக்ரைனுக்கெனத் தனி வரலாறே இல்லை என்னும் ஆதிக்கப் பொய்க்கு, ஒற்றை இனத்தின் தூய வரலாறு என்னும் மற்றொரு பொய் விடையாகாது. தன் மண்ணில் நிகழ்ந்ததை முழுமையாகச் சொல்லும் துணிவே தற்சார்புள்ள நாட்டுக்கு அடையாளம்.

அக்னோன் 1908இல் பாலஸ்தீனம் சென்றார்; ஆயினும் அழிந்த புச்சாச்சைப் பற்றி இறுதிவரை எழுதினார். அக்கதைகள் அவர் மறைந்தபின் 1973இல் பெருநூலாக வெளிவந்தன. ஊரை இழந்த எழுத்தாளர் அதன் மனிதர்களை நினைவில் காத்தார். ஆய்வாளரிடம் கேட்கப்படுவது அதனினும் எளியது: பிறந்த ஊரின் பெயரை எழுதும்போது அன்றைய அரசு எது, அவர் எழுதிய மொழி எது, அவருடைய மக்கள் என்ன ஆனார்கள் என்னும் மூன்றையும் சேர்த்து எழுதுவது. அவை இல்லாத பட்டியல் வரலாறன்று. கல்லறையின் மேல் நட்ட விளம்பரப் பலகை.