காணிக்குச் சம்மதம், உடலுக்கு வேண்டாமா?

தண்ணீரூற்றிலே மனைவி தன் சீதன வயலை விற்பதாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது, தேசவழமையைச் சார்ந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். அவள் உடலுக்கோ அவள் சம்மதம் வேண்டியதில்லை! வயதுவந்த மனைவி மறுத்தும் கணவன் பலாத்காரஞ் செய்தால், நீதிமன்றம் அவர்களைப் பிரித்துவைத்திருந்தாலன்றி அது பாலியல் வல்லுறவாகாது என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு.

கணவனுக்கு இச்சலுகையை ஈந்த ஆங்கிலச் சட்டத்தை, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே 1991இல் தூக்கியெறிந்தது. இலங்கை நாடாளுமன்றமோ 1995இல் அச்சட்டக்கோவையைத் திருத்தியபோதும் சலுகையைக் காத்துக்கொண்டது.

"குடும்பம் குலையும்" என்போரைக் கேட்கின்றோம்: குலைப்பது அவளது முறைப்பாடா, அவனது வன்செயலா? இனத்தின் உரிமை பேசும் நாம், நம் பெண்களின் "வேண்டாம்" என்ற சொல்லுக்குச் செவிசாய்க்கோமாயின், யாருடைய விடுதலையைக் கோருகின்றோம்? நம் பிரதிநிதிகளே, இச்சலுகையை ஒழிக்கக் குரல் கொடுங்கள்!