குற்றக் கணக்கும் மக்கள் கணக்கும்

தலைநகர் தில்லியில் 2013ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் சுமார் 80,000. அடுத்த ஆண்டே அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பன்னிரண்டே மாதங்களில் தில்லித் திருடர்கள் இரட்டிப்பாகிவிடவில்லை. வருகிற புகாரைத் தட்டிக்கழிக்காமல் எழுதுங்கள் என்று ஸ்டேஷன்களுக்கு உத்தரவு போனது; போலீஸார் எழுத ஆரம்பித்தார்கள். அதற்குச் சற்று முன்புதான், 2013 நவம்பரில், லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அப்படியானால் முந்தைய வருடங்களின் கணக்கு எதைக் காட்டியது? தில்லியில் எவ்வளவு குற்றம் நடந்தது என்பதையா, போலீஸ் எவ்வளவு எழுதியது என்பதையா? கேள்வி புள்ளிவிவரக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. எந்த வட்டாரத்துக்கு எத்தனை போலீஸ், எந்தத் தெருவில் ரோந்து, எங்கே புதிய ஸ்டேஷன் என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்தே முடிவாகின்றன. மக்களும் போலீஸும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். எதற்காகக் கைகோப்பது என்பதை முடிவு செய்வதும் இந்த அரைகுறைக் கணக்குதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை 1953ஆம் ஆண்டிலிருந்து தொடரும் வரிசை. மதிப்பு வாய்ந்த ஆவணம், சந்தேகமில்லை. ஆனால் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது மட்டுமே அதில் எண்ணப்படுகிறது. மற்றவை கணக்கில் மறைந்துபோகும். குற்றம் அதிகரிப்பதும் குற்றப் பதிவு அதிகரிப்பதும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் படிப்பவர்கள் குறைவு. இந்த ஏட்டின்படி கேரளம் பல ஆண்டுகள் குற்ற விகிதத்தில் முன்னணியில் நின்றிருக்கிறது. பீகார் அதற்கு வெகு கீழே. படித்தவர்கள் அதிகம் உள்ள மாநிலத்தில், புகார் கொடுத்தால் எழுதுவார்கள் என்ற நம்பிக்கை உள்ள மாநிலத்தில், எண்ணிக்கை கூடத்தான் செய்யும். நேர்மையாக எழுதுகிறவனுக்குக் கெட்ட பெயர், எழுதாதவனுக்குப் பாராட்டு.

இதில் ஒரு நச்சுச் சுழல் இருக்கிறது. சட்டசபையில் எதிர்க்கட்சி எண்ணிக்கையை வாசிக்கிறது. அமைச்சர் உயரதிகாரியைக் கேட்கிறார், அதிகாரி இன்ஸ்பெக்டரை நெருக்குகிறார். குற்றத்தைக் குறைக்க இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த மிகச் சுலபமான வழி, பேனாவை மூடி வைப்பது. பஸ்ஸில் செல்போனைப் பறிகொடுத்தவரிடம் ‘தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்’ என்று சொல்லப்படுவது பெரிய நகரங்களில் பலருக்கும் பழக்கமான வசனம். வசதியும் செல்வாக்கும் உள்ளவர் விடாமல் நின்று பதிவு செய்ய வைத்துவிடுவார். வீட்டு வேலை செய்யும் பெண்ணும் தள்ளுவண்டிக்காரரும் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்கள் வாழும் பகுதி காகிதத்தில் அமைதிப் பூங்காவாகிவிடும். அடுத்த வருடம் ரோந்து வண்டியும் அங்கே வராது.

மாற்று வழி புதிதல்ல. அமெரிக்கா 1970களின் தொடக்கத்திலிருந்தும் பிரிட்டன் 1982லிருந்தும் வீடு வீடாகப் போய், ‘கடந்த வருடம் உங்களுக்கு என்ன நடந்தது, போலீஸுக்குப் போனீர்களா, போகாவிட்டால் ஏன்?’ என்று கேட்டு வருகின்றன. பிரிட்டன் இன்னொரு படியும் ஏறியது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போலீஸும் உள்ளாட்சி மன்றமும் சேர்ந்து தங்கள் பகுதியின் குற்றங்களை மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தணிக்கை செய்து, மக்களின் கருத்தைக் கேட்டுத் திட்டம் தீட்டி, அதை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிற்பாடு இது வருடாந்தர மதிப்பீடாக மாறியது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ‘எங்கள் பேட்டையில் என்ன பிரச்னை என்று முடிவு செய்தது யார்?’ என்று கேட்கும் உரிமை குடிமகனுக்குக் கிடைத்தது.

இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் ஆங்காங்கேதான் நடந்தன. காமன்வெல்த் மனித உரிமைகள் அமைப்பு 2015ல் தில்லியிலும் மும்பையிலும் நடத்திய ஆய்வு அவற்றில் ஒன்று. தில்லியில் பாலியல் தொந்தரவுகளில் 13க்கு ஒன்றுதான் போலீஸுக்குப் போயிருந்தது. மீதிப் பன்னிரண்டும் எந்த ஏட்டிலும் இல்லை. ‘ஜாகோரி’ என்ற பெண்கள் அமைப்பு தில்லித் தெருக்களில் நடந்தே பாதுகாப்புத் தணிக்கை நடத்தியது. எங்கே விளக்கு எரியவில்லை, எந்த பஸ் நிறுத்தம் ஆளரவமற்றது, நடைபாதை எங்கே முடிந்துபோகிறது, எந்தப் பொதுக் கழிப்பறைக்குப் பெண்கள் போகத் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பட்டியலைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அதில் பாதிக்கு மேல் போலீஸின் வேலையே இல்லை. மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் உரியது. கூட்டுறவு என்றால் இவர்களும் அந்த மேஜையில் உட்கார வேண்டும்.

வட்டாரத்தின் தேவை என்ன என்று முதலில் கேட்டு, பிறகு கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிவண்டி சாட்சி. மும்பைக்கு அருகே விசைத்தறிகள் இரைகிற இந்த ஊர் 1970லும் 1984லும் மதக் கலவரத்தில் பற்றி எரிந்தது. 1988ல் அங்கே துணை கமிஷனராக வந்த சுரேஷ் கோப்டே, மொஹல்லா தோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த குழுக்களை ஏற்படுத்தினார். மேடையில் வீற்றிருக்கும் ‘அமைதிக் குழு’ பிரமுகர்களுக்குப் பதிலாகச் சாதாரண குடியிருப்பாளர்கள். அங்கே பேசப்பட்டவையும் அன்றாட விவகாரங்கள்தான்: அண்டை வீட்டுத் தகராறு, சில்லறைச் சச்சரவுகள். சின்னச் சண்டை மதச் சண்டையாக வளருமுன் தீர்க்க வேண்டும் என்பதே அந்த ஊரின் தேவை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு, 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் மடிந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. பிவண்டி அமைதியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் மும்பையிலும் மொஹல்லா குழுக்கள் முளைத்தன.

கேரளம் இதையே அரசுத் திட்டமாக்கியது. நீதிபதி கே.டி. தாமஸ் கமிஷனின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2008ல் 20 ஸ்டேஷன்களில் தொடங்கிய ‘ஜனமைத்ரி’ பிறகு மாநிலமெங்கும் விரிந்தது. பீட் அதிகாரி தன் பகுதியில் வீடு வீடாகப் போய் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடியிருப்பாளர்களைக் கொண்ட சமிதி கூடிப் பேச வேண்டும். தனியாக வசிக்கும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தெரிந்த போலீஸ்காரருக்கு, தம் வட்டாரத்தின் தேவையை அறிய வருடாந்தர அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கையும் தேவை. மக்களின் தேவையை அறிவது ஒன்று. மக்களில் சிலருக்கு லத்தியைக் கொடுப்பது வேறு. ராமநாதபுரத்தில் 1993ல் நல்ல நோக்கத்துடன் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தைத் தமிழக அரசு 2020 ஜூலையில் தடை செய்தது. சாத்தான்குளம் காவல் மரணங்களை ஒட்டி அதன் தொண்டர்கள் மீதும் புகார் எழுந்திருந்தது. இயக்கம் அதை மறுத்தது. அதற்கு முன்பே, 2011ல், சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகளாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது உச்ச நீதிமன்றம். போலீஸுக்கு நண்பராக இருப்பவர் அதே போலீஸைக் கேள்வி கேட்கவும் முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் நட்பு, ஆள்காட்டி வேலையாகவோ அடியாள் வேலையாகவோ சுருங்கிவிடும். மாநில, மாவட்ட அளவில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி அமைப்புகள் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006லேயே உத்தரவிட்டதற்கு இங்கேதான் பொருள் இருக்கிறது.

2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பி மூன்று நாட்களுக்குள் கையெழுத்திடலாம். அதே சட்டம் இன்னொரு கதவைப் பாதி சாத்தியும் வைத்திருக்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, பதிவு செய்யுமுன் 14 நாட்கள் வரை பூர்வாங்க விசாரணை நடத்தலாம். திருட்டுப் புகாரும் இந்த வளையத்துக்குள் வரும். ஸ்டேஷன் வாசலிலிருந்து ஏழைகளைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இதற்குள் ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது கஷ்டமானதல்ல. எழுதிய வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து அதிகாரியை எடைபோடுவதை நிறுத்துவது முதல் காரியம். மாவட்டம் தோறும் வருடத்துக்கு ஒருமுறை, போலீஸ் அல்லாத ஓர் அமைப்பைக் கொண்டு மக்களைக் கேட்பது இரண்டாவது. குறிப்பாகப் பெண்களையும் குடிசைவாசிகளையும் வெளி மாநிலத் தொழிலாளர்களையும். கிடைத்த விடையை அந்தந்த வட்டார மொழியில் ஸ்டேஷன் சுவரிலேயே ஒட்டி வைப்பது மூன்றாவது. முதல் வருடம் எண்ணிக்கை எகிறும். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்புப் போடும், எதிர்க்கட்சி ராஜினாமா கேட்கும். அன்றைக்குத் தன் அதிகாரியை மாற்றாமல் விட்டுவைக்கும் முதலமைச்சர் யார் என்பதுதான் கேள்வி.